செயற்கைக்கோளின் ரேடியோ கைரேகையை எவ்வளவு நம்பலாம்?

செங்காங்வாசி:
ஒவ்வொரு செயற்கைக்கோளின் ஒலிபரப்புக் கருவியிலும் உள்ள நுண்ணிய பிசகுகளை இயந்திரக் கற்றல் மாதிரிக்குப் பழக்கிவிட்டால், போலிச் சமிக்ஞையைப் பிரித்தறியலாம் என்பதை இரிடியம் என்ற செயற்கைக்கோள் தொலைபேசி வலையமைப்பின் கோள்களைக் கொண்டு ஆக்ஸ்ஃபர்ட் ஆய்வாளர்கள் 2023இல் காட்டினார்கள். இந்த ரேடியோ கைரேகை முறையைச் சிங்கப்பூர் நீரிணையில் செல்லும் கப்பல்களில் பொருத்தலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. சமிக்ஞை அசல்தான் என்ற உறுதிப்பாட்டை, அனுப்புபவர் மட்டுமே இடக்கூடிய மறைக்குறியீட்டுக் கையொப்பம்தான் தர வேண்டும். மாதிரி தருவது ஊகம்.

கடல்வழி:
கையொப்பத்துக்கும் எல்லை உண்டு, நண்பரே. ஐரோப்பாவின் வழிகாட்டும் செயற்கைக்கோள் அமைப்பான கலிலியோ 2025 ஜூலையில் முறைப்படி தொடங்கிய சேவை, வழிகாட்டும் தரவுக்கு மட்டுமே கையொப்பமிடுகிறது. உண்மையான சமிக்ஞையை ஒருவர் பிடித்து, சற்றே தாமதித்து மறுபடி ஒலிபரப்பினால், கப்பல் தன் இடத்தைத் தவறாகக் கணிக்கும்; ஆனால் கையொப்பம் பிழையின்றியே இருக்கும். அந்த மறு ஒலிபரப்பில் அவருடைய கருவியின் பிசகும் சேர்ந்துவிடுவதால், கைரேகை முறைக்கு அங்கே பிடி கிடைக்கிறது. மேலும், சுற்றுப்பாதையில் இருக்கும் பழைய கோளைத் தொடாமல், சமிக்ஞையைப் பெறும் கருவியான ஏற்பியை மட்டும் மாற்றினால் போதும்.

செங்காங்வாசி:
மறு ஒலிபரப்பு பற்றிய வாதம் வலுவானது. ஆனால் நாம் நிலநடுக்கோட்டருகே இருக்கிறோம். மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டிய நாட்களில், பொழுது சாய்ந்தபின் மேல் வளிமண்டலத்தின் மின்னேற்ற அடுக்கான அயனி மண்டலத்தில் எழும் குமிழிகள், இந்தச் சமிக்ஞைகளின் வீச்சையும் (வலிமை) கட்டத்தையும் (அலையின் ஏற்ற இறக்க நிலை) குலைக்கின்றன. ஐரோப்பாவில் பழக்கிய மாதிரி இங்கே மாலைதோறும் பொய் எச்சரிக்கை எழுப்பினால், மாலுமி அதை அணைத்துவிடுவார் (நானாக இருந்தாலும் அதையே செய்வேன்). கருவிகள் மூப்படைவதால் மாதிரியை அவ்வப்போது புதுப்பிக்கவும் வேண்டும். அந்த வேளையில் தாக்குபவர் தம் சமிக்ஞையைச் சிறிது சிறிதாக நுழைத்து, மாதிரியையே தம் பக்கம் சாய்த்துவிடலாம்.

கடல்வழி:
உள்ளூர்ப் பதிவுகளால் பழக்கினால் முதல் குறை பெரிதும் குறையும். இரண்டாவதற்கு, கப்பலில் எதையும் பழக்கவே கூடாது. தொலைதூரத்தில் உள்ள பல தரைநிலையங்களின் பதிவுகள் ஒத்துப்போன பின்னரே புதிய மாதிரியை அனுப்ப வேண்டும். ஒரே நேரத்தில் அத்தனை நிலையங்களையும் ஏமாற்றுவது எளிதன்று.

செங்காங்வாசி:
அப்படியானால் தாக்குபவர் வானலையை விட்டுவிட்டு, அந்த மாதிரிக் கோப்பு வரும் வழியைக் குறிவைப்பார். 2022 பிப்ரவரி 24 அன்று கேஏ-சாட் என்ற செயற்கைக்கோள் இணையச் சேவையின் மோடம்களை முடக்கியவர்கள் தரைவழி நிர்வாக வலையமைப்பின் வழியாகத்தான் நுழைந்தார்கள். கோப்பு அசலா என்பதைக் கப்பலிலுள்ள கருவி எதை வைத்துச் சரிபார்க்கும்? அங்கும் கையொப்பம்தானே வேண்டும்?