சாவை அருகில் பார்த்தபோது வந்த உறுதி ஏன் நிலைப்பதில்லை?

தென்காற்று
போன ஆடியில் மாரடைப்பு, ஸ்டென்ட் வைத்தார்கள். வயது 46. ஐசியுவில் படுத்திருந்தபோது, பிழைத்தால் இனி உருப்படியாக ஏதாவது செய்ய வேண்டும் என்று அவ்வளவு உறுதியாக இருந்தது. இப்போது பழையபடி ஆபீஸ், இஎம்ஐ, ராத்திரி வரை போன். சாவை நெருக்கத்தில் பார்த்தவர்கள் சொல்லுங்கள், அந்த உறுதியை எப்படிக் காப்பாற்றுகிறீர்கள்?

மல்லிகா_நர்ஸ்
பாலியேட்டிவ் வார்டில், அதாவது தீராத நோய்க்காரர்களின் வலியைத் தணிக்கும் பிரிவில், வேலை பார்க்கிறேன் சார். வலி இருக்கும்வரை யாருக்கும் எந்த ஞானமும் வராது. மார்ஃபின் என்ற வலி மருந்து கொடுத்து அது அடங்கியதும் பலர் கேட்பது, யாருக்காவது செய்து முடிக்க ஒரு வேலை. தையல்காரர் ஒருவர் எழுந்து உட்கார முடிந்ததும் பேத்தியின் யூனிஃபார்மைக் கொண்டுவரச் சொன்னார், கை நடுங்கியதால் ஊசியில் நூல் கோர்த்துக் கொடுத்தது நான், நாலு பொத்தான் தைக்க மத்தியானம் முழுக்க ஆனது.

1948-ல் லண்டனில் டேவிட் டாஸ்மா என்ற போலந்து யூதர் புற்றுநோயால் இறந்தார். நாற்பது வயது, தான் வாழ்ந்ததற்கு ஓர் அடையாளமும் இல்லையே என்பதுதான் அவர் வேதனை. ஆஸ்பத்திரியில் சமூகப் பணியாளராக இருந்த சிசிலி சாண்டர்ஸ் இப்படிப்பட்டவர்களுக்கு ஓர் இல்லம் அமைப்பதைப் பற்றி அவரிடம் பேசுவார். அதில் நான் ஒரு ஜன்னலாக இருப்பேன் என்று 500 பவுண்டை அவருக்கு விட்டுப்போனார் டாஸ்மா. சிசிலி டாக்டருக்குப் படித்து, 1967-ல்தான் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ் என்ற அந்த இல்லத்தைத் திறக்க முடிந்தது. 19 வருஷம். முதல் நாள் உணர்ச்சி அவ்வளவு காலம் தாங்காது சார், செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்ததால்தான் தாங்கியது.

வைகைக்கரை
எங்கள் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை வெங்கடசாமி டாக்டரும் அப்படித்தான். சின்ன வயதில் சொந்தத்தில் மூன்று பெண்கள் கர்ப்பமாக இருந்தபோது இறந்ததைப் பார்த்துத்தான் பிரசவ டாக்டராக நினைத்தார். மூட்டுவாதத்தில் விரல்கள் கோணிப்போய் அந்த வழி அடைபட்டது. அதே விரல்களால் கத்தி பிடிக்கப் பழகி, கண் மருத்துவத்துக்கு வந்து, ஒரு லட்சத்துக்கும் மேல் அறுவை சிகிச்சை செய்தார். ரிடையரான பிறகு 1976-ல் 11 படுக்கையோடு தொடங்கியதுதான் அரவிந்த்.

அப்புறம் ஒன்று அண்ணா, இஎம்ஐ கட்டுவதும் வீட்டில் இருப்பவர்களுக்காகத்தானே, அதை ஏன் வீண் கணக்கில் எழுதுகிறீர்கள்?

தென்காற்று
நீங்கள் சொல்வது சரி தம்பி. மல்லிகா சொன்னதைப் படித்ததும் நினைவு வந்தது. பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவி இன்ஷூரன்ஸ் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார், டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். ஆபீஸில் எனக்கு அதே வேலைதான். அரசு ஆஸ்பத்திரியில் சனிக்கிழமைகளில் போய் உட்கார்ந்து எழுதிக் கொடுக்க விடுவார்களா?

மல்லிகா_நர்ஸ்
ஆஸ்பத்திரி நிர்வாகத்தைக் கவனிக்கும் டாக்டரான ஆர்.எம்.ஓ.வைப் பாருங்கள் சார், ஒரு கடிதம் எழுதிக் கையோடு கொண்டு போங்கள். காலை நேரத்தில்தான் கூட்டம் அதிகம். மாத்திரையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.