மறு: நிலமட்ட ஓசோன் – மூலப்பொருளா, முன்னோடியா?

க.:
நண்பர்களே, பள்ளிச் சூழலியல் பாடத்தின் மொழிபெயர்ப்பை வெள்ளிக்குள் கொடுத்தாக வேண்டும். நிலமட்ட ஓசோன் புகைபோக்கியிலிருந்து நேராக வருவதில்லை. நைட்ரஜன் ஆக்சைடுகளும் எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்களும் வெயிலில் வினைபுரிவதால் உண்டாகிறது. இவ்விரண்டையும் சுட்டும் 'ப்ரிகர்சர்' என்பதற்கு 'மூலப்பொருள்' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

வ.:
சரியில்லை ஐயா. பஞ்சு நூலாவதுபோல அதுவே ஓசோனாகிறது என்று மாணவர் நினைப்பார். நடப்பது வேறு. வெயில் நைட்ரஜன் டைஆக்சைடை உடைக்கிறது. பிரிந்த ஆக்சிஜன் அணு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து ஓசோனாகிறது. எஞ்சிய நைட்ரிக் ஆக்சைடு அந்த ஓசோனையே தின்று மறுபடி டைஆக்சைடாகும். கணக்கு அங்கேயே தீர்ந்துவிடும். கரிமச் சேர்மங்கள் சிதையும்போது உண்டாகும் பெராக்சி உறுப்புகள் (சட்டென வினைபுரியும் மூலக்கூறுத் துண்டுகள்) குறுக்கே புகுந்து, ஓசோனைச் செலவழிக்காமலே நைட்ரிக் ஆக்சைடை டைஆக்சைடாக்கிவிடுகின்றன. அதனால்தான் ஓசோன் சேர்கிறது. எனவே 'முந்துபொருள்' என்க. தொல்காப்பியப் பாயிரத்தில் 'முந்துநூல்' இருக்கிறதே! வினைத்தொகை, ஒற்றும் மிகாது.

ச.:
முந்துவது காலம், காரணம் எங்கே? 'கருப்பொருள்' இருக்க வேறெதற்கு? கரு, கருவி, கருத்து எல்லாம் ஒரே வேர் என்பது என் துணிபு.

வ.:
கருப்பொருள் என்றால் தெய்வம், உணா, மா, மரம்தான் நினைவுக்கு வரும். வேராய்வைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம்.

ம.:
வகுப்பெடுப்பவள் சொல்கிறேன்: 'முன்னோடி' என்றால் பிள்ளைகளுக்கு உடனே புரிகிறது. அவர்கள் தடுமாறுவது வேறிடத்தில். நைட்ரஜன் ஆக்சைடைக் குறைத்தால் ஓசோனும் குறையும்தானே என்கிறார்கள். வண்டி நெரிசல் மிகுந்த நகர நடுவில் ஓசோனைத் தின்னும் நைட்ரிக் ஆக்சைடு குறைவதால், சில வேளை ஓசோன் கூடிவிடுகிறது! அங்கே கரிமச் சேர்மங்களைக் கட்டுப்படுத்த வேண்டும். மரங்களே ஐசோப்ரீன் என்னும் கரிமச் சேர்மத்தை விடும் காட்டுப்புறத்தில் நைட்ரஜன் ஆக்சைடைப் பிடித்தால்தான் பலன். ஆக, எதைக் குறைத்தால் ஓசோன் குறையுமோ அதற்கொரு பெயர் வேண்டும். 'மட்டுப்படுத்தும் முன்னோடி' என்கலாமா?

ச.:
'மட்டுப்படுத்தும்' என்றால் ஓசோனைக் குறைக்கும் நல்ல வாயு என்று பொருள்படுமே. 'தீர்மான முன்னோடி' என்று வையுங்கள்.

க.:
'முன்னோடி'க்கே ஆதரவு அதிகம், அதைப் போட்டுவிடுகிறேன். மற்றதற்கு 'தீர்மான முன்னோடி', அடியில் ஒருவரி விளக்கம்.

வ.:
முன்னோடி மனிதருக்கு உரியது, வாயுவுக்கு ஒட்டாது. என் மறுப்பு நிற்கட்டும். அடுத்த பதிப்பில் 'முந்துபொருள்' கேட்டு மறுபடி வருவேன்.