கிணற்றில் எடுக்கும் படங்கள் மங்கலாக வருகின்றன: கேமராவை மாற்ற வேண்டுமா?

வாய்க்கால்கரை (கோபிசெட்டிபாளையம்):
அனைவருக்கும் வணக்கம். தை மாதம் அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்குச் செல்லவிருப்பதால், அதற்குள் எங்கள் தோட்டத்துக் கிணற்றிலேயே நீருக்கடியில் படமெடுத்துப் பழகலாம் என்று 10 மீட்டர் ஆழம் வரை தாங்கும் ஆக்‌ஷன் கேமரா ஒன்றை வாங்கினேன். நீச்சல் கண்ணாடி அணிந்து பார்க்கையில் பளிச்சென்று தெரியும் கெண்டை மீன், படத்தில் பச்சை படிந்த நிழலாகவே விழுகிறது. விலை கூடிய கேமரா வாங்கினால் இக்குறை தீருமா?

நொய்யல்வாசி (கோவை):
கேமராவை மாற்ற வேண்டாம். மீனுக்கும் லென்சுக்கும் இடையிலுள்ள தண்ணீரைக் குறையுங்கள். நீர் முதலில் உறிஞ்சுவது சிவப்பு ஒளியைத்தான். ஐந்தாறு மீட்டர் ஆழத்திலேயே அதில் பெரும்பகுதி போய்விடும். இதில் ஆழம் மட்டுமல்ல, மீனிலிருந்து கேமராவுக்கு ஒளி கடந்துவரும் தூரமும் சேர்த்தே கணக்கு. மேலும், நீருக்குள் நான்கடியில் இருப்பது மூன்றடியில் இருப்பதாகக் கண்ணுக்குத் தோன்றுவதால், போதிய அளவு நெருங்கிவிட்டதாக நினைக்கும் இடத்திலிருந்து இன்னும் சற்று முன்னே செல்லுங்கள். ஆனால் மீனை ஓரடியைவிட நெருங்கிவிட்டால் இவ்வகைக் கேமராக்களில் பெரும்பாலானவற்றுக்குக் குவியம் தப்பிவிடும். கிணற்றின் பச்சை நிறம் பாசியால் வருவது. அதற்கு லென்சின் மேல் மாட்டும் மெஜந்தா (ஊதா கலந்த இளஞ்சிவப்பு) ஃபில்டர் பொருந்தும், சிவப்பு ஃபில்டர் நீலக் கடலுக்கு உரியது.

மார்கழியில் பழகுவதானால் வெயிலையும் கவனியுங்கள். அப்போது உச்சிவேளையிலும் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் தெற்குச் சுவரின் நிழல் தண்ணீரை மூடும். வடக்குச் சுவரையொட்டித்தான் வெளிச்சம் கிடைக்கும்.

காவிரிக்கரை (ஈரோடு):
நண்பர் சொன்னதுடன் ஒன்றைச் சேர்க்கிறேன். விளக்கைக் கேமராவுக்கு மேலேயே பொருத்தினால் நீரில் மிதக்கும் தூசுகள் ஒளியை நேரே லென்சுக்குத் திருப்பி, படம் முழுவதும் பனி பெய்ததுபோல் வெண்புள்ளிகள் விழும். விளக்கை ஒரு கை தூரம் பக்கவாட்டில் தள்ளிப் பிடித்து, சாய்வாக ஒளியைப் பாய்ச்சுங்கள். யாரேனும் குதித்துக் கலக்கிய கிணற்றில் வண்டல் படியும்வரை எடுக்காதீர்கள். மிக முக்கியமாக, மோட்டாரின் மெயின் சுவிட்சை அணைக்காமல் இறங்க வேண்டாம். நீச்சல் தெரிந்த ஒருவர் மேட்டில் நின்று உங்களையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

வாய்க்கால்கரை:
மிக்க நன்றி. ஹேவ்லாக்கில் முதன்முறை ஸ்கூபா (காற்று உருளை மாட்டிக்கொண்டு முக்குளிப்பது) செய்யும்போது இதே கேமராவை எடுத்துச் செல்லலாமா?

நொய்யல்வாசி:
முதல் முழுக்கில் வேண்டாம் என்பதே என் கருத்து. நீருக்குள் ஒரே மட்டத்தில் நிற்கப் பழகாதவர் கையில் கேமரா இருந்தால் கவனம் திரையில் நிற்கும், கால் பவளத்தில் இடிக்கும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கும் உயிர் அது. உடைந்த கிளை மீண்டும் வளரப் பல ஆண்டுகள் ஆகும். அடுத்த முழுக்குகளில் தனி ஹவுசிங் (கேமராவை மூடும் நீர்புகாப் பெட்டி) போட்டுக் கொண்டுபோங்கள். மூடுமுன் ரப்பர் வளையத்தை விரலால் தடவி, ஒரு முடியோ மணலோ இல்லை என்று உறுதி செய்யுங்கள். ஒற்றை முடி போதும், தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். கரையேறியதும் உப்பு காய்வதற்குள் ஹவுசிங்கைத் திறக்காமலேயே நல்ல தண்ணீரில் ஊறவையுங்கள்.