புளூ ஜாக்கெட் வெள்ளைக்காரராம்! இந்தப் புளுகு எப்போதுதான் ஓயும்?

கரிசல்காட்டான்:
நேற்று ஒரு வரலாற்று வாட்ஸப் குழுவில் ஒருவர் பெருமையாகப் பகிர்ந்திருந்தார். அமெரிக்காவின் ஷாவ்னி பழங்குடியின் போர்த்தலைவர் புளூ ஜாக்கெட் உண்மையில் வெள்ளைக்காரராம். பெயர் மார்மடூக் வான் ஸ்வேரிங்கன். அமெரிக்கப் புரட்சிப் போர்க்காலத்தில், 17 வயதில் ஷாவ்னிகளிடம் பிடிபட்டாராம். அப்போது நீலச் சட்டை போட்டிருந்ததால் இந்தப் பெயராம். கீழே கைதட்டல் பொம்மைகள் வரிசையாக.

பழங்குடித் தலைவன் ஒருவன் போரில் ஜெயித்துவிட்டால் உடனே அவனுக்கு ஒரு வெள்ளைக்கார அப்பாவைத் தேடிப் பிடிப்பது என்ன வியாதியோ தெரியவில்லை. இந்தக் கதை அச்சில் பரவியதே 1877-இல், ஒகையோவில் வந்த ஒரு பத்திரிகைக் கட்டுரையில். அவர் இறந்தது 1810 வாக்கில். செத்து அறுபது வருஷத்துக்கு மேல் ஆனபிறகு சாதிச் சான்றிதழை மாற்றி எழுதியிருக்கிறார்கள்.

ஒரே ஒரு விஷயம் போதும். 1773-இல் டேவிட் ஜோன்ஸ் என்ற பாப்டிஸ்ட் போதகர் சயோட்டோ ஆற்றுப் பக்கம் ஷாவ்னி ஊர்களுக்குப் போனார். டீர் கிரீக் ஓடைக்கரையில் புளூ ஜாக்கெட்டின் ஊர் இருந்ததைக் குறித்து வைத்திருக்கிறார். ஸ்வேரிங்கன் குடும்பப் பதிவுப்படி மார்மடூக் பிறந்தது 1763. பத்து வயதுப் பையன் பெயரில் ஊரா?

வானவன்:
வந்துட்டார் அண்ணன், தீர்ப்போடு. அந்தக் குழுவில் பகிர்ந்தது நான்தான். பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம், எதற்கு 'ஒருவர்'?

மரபணு ஆய்வை நீங்கள் ஏன் முதல் பதிவில் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். 2006-இல் வெளியான அந்த ஆய்வு ஒரு கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறது. புளூ ஜாக்கெட்டின் ஆண் வாரிசு தொடர்ந்தது ஒரே ஒரு மகன் வழியாக. அந்த மகனின் தகப்பன் யார் என்பதில் கேள்வி இல்லாவிட்டால்தான், புளூ ஜாக்கெட் ஸ்வேரிங்கன் குடும்பம் இல்லை என்ற முடிவு செல்லும் என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். படித்தீர்களா?

கரிசல்காட்டான்:
படித்தேன் தம்பி. நீங்கள் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் படித்திருக்கிறீர்கள்.

மகன் ஜார்ஜின் ஆண்வழி வந்த ஆறு பேர். மார்மடூக்கின் அண்ணன் தம்பியான சார்லஸ் ஸ்வேரிங்கன் வழி வந்த நான்கு பேர். அப்பனிடமிருந்து மகனுக்கு வரும் ஒய் குரோமோசோமை இரண்டு கூட்டத்திலும் எடுத்து ஒப்பிட்டார்கள். அவரவர் கூட்டத்துக்குள் பொருந்தியது, இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை. புளூ ஜாக்கெட் பக்கம் வந்தது அமெரிக்கப் பழங்குடிகளின் வம்சக் குறி. இதற்கு மேல் என்ன வேண்டும், அவரே நேரில் வந்து எச்சில் துப்பிக் கொடுக்க வேண்டுமா?

மகனின் பிறப்பைச் சந்தேகித்தாவது தகப்பனை வெள்ளைக்காரனாக்கியே தீருவேன் என்கிறீர்கள். நாகரிகமான வாதம்.

வானவன்:
சந்தேகித்தது நான் இல்லை, ஆய்வாளர்கள். அந்த வரிக்குப் பதில் சொல்லுங்கள்.

மதுரைமல்லி:
இருவருக்கும் ஒரு கேள்வி. ஷாவ்னிகள் பிடித்து வந்தவர்களைச் சடங்கு செய்து குடும்பத்தில் சேர்த்துக்கொள்வார்கள். இறந்துபோன பிள்ளையின் இடத்தில் வைத்துக்கூட வளர்ப்பார்கள். 1780-இல் கென்டக்கியில் பிடிபட்ட ஸ்டீபன் ரட்டெல் அப்படித்தான் வளர்ந்தார், ஷாவ்னித் தலைவர் டெகும்சேயின் சிநேகிதர். அவர்கள் கணக்கில் ரட்டெல் ஷாவ்னியா, வெள்ளைக்காரரா? 'ஷாவ்னி' என்று யாரைச் சொல்கிறோம் என்று முதலில் முடிவு செய்துகொண்டால் பாதிச் சண்டை இருக்காதே.

கரிசல்காட்டான்:
மல்லி, அது தனிக் கதை. இங்கே கேள்வி 1773. பத்து வயதுப் பையன் பெயரில் ஊர் இருந்ததா இல்லையா?

வானவன்:
மல்லியக்கா சொல்வதை விடுங்கள். 1773-இல் இருந்தது அதே பெயருள்ள வேறு ஒருவராக இருக்கக்கூடாதா? அப்பன் பெயரை மகன் வைத்துக்கொள்வது உலகத்தில் நடக்காததா?

கரிசல்காட்டான்:
அடடா. முதலில் மகனின் அப்பன் மேல் சந்தேகம், இப்போது புளூ ஜாக்கெட்டுக்கே டூப்ளிகேட்.

சரி, குடும்பத்தையே பார்ப்போம். முதல் மனைவி மார்கரெட் மூர், சிறுவயதில் பிடித்து வரப்பட்ட வெள்ளைக்காரப் பெண். மகன் ஜோசப். அடுத்த மனைவி டெட்ராய்ட் பக்கத்துப் பிரெஞ்சு வியாபாரி டூப்பெரான் பாபிக்கும் ஒரு ஷாவ்னிப் பெண்ணுக்கும் பிறந்தவர். ஜிம், ஜார்ஜ், இரண்டு பெண்கள். ஜார்ஜின் மகன் சார்லஸ் புளூ ஜாக்கெட் கான்சாஸில் மெதடிஸ்ட் போதகராக இருந்தவர். ஓக்லஹோமாவில் அவர் பெயரில் இன்றும் ஊர் இருக்கிறது. வீட்டுக்குள் வெள்ளைக்கார ரத்தம் வந்தது மனைவிமார் வழியாக. யாரும் அதை மறைக்கவில்லை. தலைவர் மட்டும் வெள்ளைக்காரராக இருந்து அதை மட்டும் எல்லாரும் சேர்ந்து மறைத்தார்களாக்கும்?

1792-இல் ஆலிவர் ஸ்பென்சர் என்ற 11 வயதுப் பையன் பிடிபட்டுப் போனான். புளூ ஜாக்கெட்டை நேரில் பார்த்துப் பின்னாளில் எழுதி வைத்திருக்கிறான். ஆறடி உயரம், தங்கச் சரிகை வைத்த சிவப்புக் கோட்டு (நீலம் இல்லை, கவனிக்க!), தோளில் தங்கப் பட்டைகள், கையில் வெள்ளிக் காப்பு, கழுத்தில் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் உருவம் பொறித்த பதக்கம். தான் பார்த்த இந்தியர்களிலேயே கம்பீரமானவர் என்கிறான். ஒரு வெள்ளைக்காரச் சிறுவன், வீட்டு ஞாபகத்தில் அழுதுகொண்டிருந்த வயசு. எதிரே நிற்பது நம்ம ஆள் என்று அவனுக்குத் தெரியாதா?

வானவன்:
கோட்டு நிறமெல்லாம் அருமை. ஒரே மகன், அந்த வரி. பதில்?

தாமிரபரணி_தாசன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 1791 நவம்பர் 4, வாபாஷ் ஆற்றங்கரையில் அமெரிக்கத் தளபதி செயின்ட் கிளேரின் படையைப் பழங்குடிகள் அழித்தது லிட்டில் டர்டில் தலைமையில் என்றுதான் நான் படித்தேன். அவர் மயாமி இனத்தவர். 600-க்கும் மேற்பட்ட சிப்பாய்கள் செத்தார்கள். அமெரிக்க ராணுவம் பழங்குடிகளிடம் வாங்கிய மிகப் பெரிய அடி. புளூ ஜாக்கெட்டுக்கு எதற்கு இவ்வளவு பில்டப்?

கரிசல்காட்டான்:
தாசன் சார், நீங்கள் படித்ததை யார் சொல்லிப் பரப்பினார் என்று பார்த்தீர்களா? வில்லியம் வெல்ஸ். லிட்டில் டர்டிலின் மருமகன். மாமனார் புகழைப் பின்னாளில் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர் அவர்தான். அன்றைக்குப் போரை நடத்தியதில் புளூ ஜாக்கெட்டின் பங்கு குறைந்ததில்லை. 1794-இல் லிட்டில் டர்டில் சமாதானம் பேசலாம் என்று ஒதுங்கிய பிறகு, ஃபாலன் டிம்பர்ஸ் போரில் அமெரிக்கத் தளபதி வேய்னுக்கு எதிராக முன்னால் நின்றது யார்? ஆகஸ்ட் 20 அன்று தோற்று ஓடி வந்தவர்களுக்கு ஃபோர்ட் மயாமி கோட்டைக் கதவைத் திறக்காமல், கூட்டாளியாக இருந்த பிரிட்டிஷ்காரன் முதுகில் குத்தினான். அது வேறு வயிற்றெரிச்சல். அடுத்த வருஷம் கிரீன்வில் ஒப்பந்தம், ஒகையோவில் பெரும்பகுதி கைவிட்டுப் போனது.

இந்த வெல்ஸ் இருக்கிறாரே, கென்டக்கியில் பிடிபட்டு மயாமிகளிடம் வளர்ந்தவர். 1791-இல் அவர்கள் பக்கம் சண்டை போட்டார். அப்புறம் வேய்ன் தளபதியிடம் போய் வேவுக்காரர் ஆகிவிட்டார். சோறு போட்ட வீட்டை விட்டு எதிரிக்கு வழி காட்டிய எட்டப்பன்.

வானவன்:
ஆக, பிடிபட்ட வெள்ளைக்காரன் பழங்குடிப் படையில் நின்று செயின்ட் கிளேரை அடித்திருக்கிறான். நீங்களே சொல்கிறீர்கள்! வெல்ஸுக்கு நடந்தது மார்மடூக்குக்கு நடந்திருக்கக்கூடாதா?

கரிசல்காட்டான்:
நடந்திருக்கலாம், அவர் புளூ ஜாக்கெட் இல்லை என்பதுதான் பிரச்சினை. என் பக்கத்து வீட்டுக்காரர் லாட்டரியில் ஜெயித்தார் என்பதற்காக நீங்கள் வங்கியில் போய் பணம் கேட்பீர்களா? 1773, பத்து வயது. எத்தனை தடவை சொல்வது?

தாமிரபரணி_தாசன்:
வெல்ஸை எட்டப்பன் என்பதற்கு என் கடும் கண்டனம். சிறுவயதில் கடத்தப்பட்ட ஒருவன் பிறந்த கூட்டத்துக்குத் திரும்பினால் துரோகமா? மாமனாரோடு அவர் உறவு கடைசிவரை அறவில்லை. 1812-இல் அமெரிக்கக் கோட்டையான ஃபோர்ட் டியர்பார்னில் இருந்து வெளியேறியவர்களைக் காப்பாற்றப் போய் உயிரை விட்டார். முகத்தில் கரி பூசிக்கொண்டு, சாவுக்குத் தயாராகப் போனார் என்பார்கள். இப்படிப்பட்டவனா எட்டப்பன்?

மதுரைமல்லி:
பார்த்தீர்களா, மறுபடி அங்கேதான் வந்து நிற்கிறீர்கள். வெல்ஸ் யார் என்று முடிவு செய்யாமல் துரோகி என்று எப்படி...

கரிசல்காட்டான்:
தாசன் சார், 1791-இல் கூட நின்று சண்டை போட்டவர்களை 1794-இல் வேட்டையாடக் கிளம்பியதற்கு வேறு பெயர் வைத்திருந்தால் சொல்லுங்கள், அதையே போடுகிறேன். முகத்தில் கரி பூசியதால் கை சுத்தமாகிவிடாது.

வானவன்:
அண்ணனுக்குக் கோபம் என் மேல். டெகும்சே சாபம் பற்றி நான் எழுதிய பதிவுக்கு நிறையப் பேர் வந்ததில் இருந்தே இப்படித்தான்.

கரிசல்காட்டான்:
அந்தப் பதிவா! பூஜ்யத்தில் முடியும் வருஷத்தில் ஜெயித்த ஜனாதிபதிகள் எல்லாரும் பதவியிலேயே சாவார்கள் என்று டெகும்சே சபித்ததாக எழுதினீர்களே. 1980-இல் ஜெயித்த ரீகன் எட்டு வருஷம் முழுசாக ஆண்டுவிட்டு வீட்டுக்குப் போனார். அதைக் கேட்டதும் என் பின்னூட்டத்தை நீக்கினீர்கள். நான் மறக்கவில்லை.

ஒகையோவில் ஸீனியா அருகே 1980களில் தொடங்கி 2007 வரை கோடைதோறும் திறந்தவெளி நாடகம் போட்டார்கள். அதிலும் இதே வெள்ளைக்காரப் புளூ ஜாக்கெட்தான். குதிரை, துப்பாக்கி, தீ எல்லாம் நிஜம், கதாநாயகன் மட்டும் கற்பனை. நீங்கள் குழுவில் பகிர்ந்ததும் அதே சரக்குதான்.

வானவன்:
நாடகம், ரீகன், சிவப்புக் கோட்டு, எல்லாம் வந்தாயிற்று. ஜார்ஜின் தகப்பன் யார் என்ற நிபந்தனை ஆய்வில் இருக்கிறதா, இல்லையா? ஆம் அல்லது இல்லை.

கரிசல்காட்டான்:
இருக்கிறது. எந்தத் தந்தைவழி ஆய்விலும் அது இருக்கும். உங்கள் ஸ்வேரிங்கன் குடும்பத்துக்கும் அதே நிபந்தனைதான், அங்கே மட்டும் ஏன் உங்களுக்குச் சந்தேகம் வரவில்லை? இப்போது நீங்கள் சொல்லுங்கள், 1773-இல் மார்மடூக்குக்கு என்ன வயது? ஆம் இல்லை வேண்டாம், எண் போதும்.

வானவன்:
'இருக்கிறது' என்று அண்ணனே எழுதிவிட்டார். ஸ்கிரீன்ஷாட் எடுத்தாயிற்று. குழுவில் போடுகிறேன்.

கரிசல்காட்டான்:
முழுப் பதிவையும் எடுங்கள் தம்பி, முதல் வார்த்தையோடு வெட்டிவிடாதீர்கள்.

தாமிரபரணி_தாசன்:
வெல்ஸ் விஷயத்தில் எட்டப்பன் என்ற வார்த்தையை இன்னும் திரும்பப் பெறவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். தனி இழை தொடங்குகிறேன், அங்கே வாருங்கள்.