ஸ்கேனில் ‘குழந்தை எடை குறைவு’ என்றார்கள்: சேலத்து அனுபவங்கள்

செவ்வாய்ப்பேட்டை மருமகள்

32ஆம் வார ஸ்கேன் தாளில் எனக்கு வந்த வரி இது: உத்தேச எடை 1,540 கிராம், பத்தாவது சதமானத்துக்குக் கீழே. ஸ்கேன் எடுத்தவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, “குழந்தை கொஞ்சம் சிறிது, உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள்” என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். டாக்டரைப் பார்க்க மறுநாள் மாலைதான் நேரம் கிடைத்தது. அன்று இரவு வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

எங்களுடையது வெள்ளிக் கொலுசுப் பட்டறை. அரை கிராம் குறைந்தாலும் யார் கையில் குறைந்தது என்று கேட்கிற வீடு. மாமனார் தாளை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கண்ணுக்கு மிக அருகே வைத்துப் படித்தார். “வயிற்றுக்குள் இருக்கிற பிள்ளையை எந்தத் தராசில் வைத்து எடை போட்டார்கள்?” என்றார். “இந்த நேரத்தில் என்ன கேலி?” என்று அத்தை அதட்டினார். அவர் கேலி செய்யவில்லை. தொழில்காரர் கேட்க வேண்டிய கேள்விதான் அது. மறுநாள் டாக்டரிடம் அதை அப்படியே கேட்டேன்.

டாக்டர் சிரித்துவிட்டு, தாளின் பின்பக்கம் வரைந்து காட்டினார். தலையின் அகலம், தலைச் சுற்றளவு, வயிற்றுச் சுற்றளவு, தொடை எலும்பின் நீளம் ஆகிய நான்கையும் அளந்து, ஒரு சூத்திரத்தில் போட்டு வருவதுதான் அந்த எடை. யாரும் எடை போடவில்லை, கணக்குப் போட்டிருக்கிறார்கள். நல்ல இயந்திரம், நல்ல கை என்றாலும் 10 முதல் 15 சதவீதம் வரை கூடவோ குறையவோ இருக்கலாம். என் குழந்தை 1,350 கிராமாகவும் இருக்கலாம், 1,750 கிராமாகவும் இருக்கலாம். இவ்வளவு சேதாரம் உள்ள தராசை எங்கள் பட்டறை வாசலிலேயே விடமாட்டோம்!

சதமானத்தையும் அவரே விளக்கினார். அதே வாரத்தில் இருக்கும் நூறு குழந்தைகளை எடை வரிசையில் நிற்க வைத்தால் எடை மிகக் குறைந்த பத்துப் பேர் பத்தாவது சதமானத்துக்குக் கீழே வருவார்கள். நூறும் நலமான குழந்தைகளாகவே இருந்தாலும் பத்துப் பேர் அங்கே நின்றுதானே ஆக வேண்டும்? அந்தப் பத்தில் பலர் சின்ன உடல்வாகு கொண்டவர்கள், அவ்வளவுதான். சிலருக்கு மட்டும் நஞ்சுக்கொடி போதுமான அளவு ஊட்டத்தை அனுப்புவதில்லை. அந்தச் சிலரைப் பிரித்தெடுப்பதுதான் டாக்டரின் வேலை. அதற்கு அவர் பார்த்தது தொப்புள் கொடியில் ரத்தம் ஓடும் வேகம், பனிக்குட நீரின் அளவு, இவற்றோடு தலைக்கும் வயிற்றுக்கும் உள்ள பொருத்தம். ஊட்டம் குறையும்போது குழந்தையின் உடல் இருப்பதை மூளைக்குத் திருப்பிவிடுமாம். தலை வளர்ந்துகொண்டே போகும், வயிறு பின்தங்கிவிடும். எனக்குத் தலை, வயிறு இரண்டுமே ஒரே அளவில் சிறியவை. ரத்த ஓட்டமும் சரியாக இருந்தது.

“மூன்று வாரம் கழித்து இதே இடத்தில் மறுபடி எடுங்கள். இன்றைய எண்ணைவிட இரண்டு எண்களுக்கும் நடுவில் ஓடுகிற கோடுதான் எனக்கு முக்கியம்” என்றார். 35ஆம் வாரத்தில் 2,050 கிராம். இன்னமும் பத்துக்குக் கீழேதான், ஆனால் கோடு சாயவில்லை. 38ஆம் வாரத்தில் வலி எடுத்துப் பிறந்தாள், 2,560 கிராம். இந்த முறை நிஜத் தராசு. மாமனார் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார்.

வளைகாப்பில் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். கையில் வளையல் ஏற்றிக்கொண்டே ஒரு பெரியம்மா, “ஏழு மாதத்து வயிறு மாதிரியே இல்லையே கண்ணு, ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?” என்றார். பக்கத்தில் இருந்தவர், “சின்னப் பிள்ளை என்றால் நல்லதுதான், சுகப்பிரசவம் ஆகும்” என்றார். இரண்டு பேருக்கும் சந்தனம் தடவி அனுப்பி வைத்தேன். வயிற்றை வெளியிலிருந்து பார்த்து எடை சொல்கிறவர்களுக்குச் சேலத்தில் என்றைக்கும் பஞ்சமில்லை.

உங்களுக்கு எப்படி இருந்தது? நல்லபடியாக முடிந்தவர்கள் மட்டும் அல்ல, நிஜமாகவே சிக்கல் இருந்தவர்களும் எழுதுங்கள்.

நாகலூர் காப்பித் தோட்டம்

சிக்கல் இருந்தவள் நான். தோழி கேட்டதால் எழுதுகிறேன்.

ஏற்காட்டு மலையில் காப்பித் தோட்டத்து வேலை. ரத்தசோகை முதலிலேயே இருந்தது, ஹீமோகுளோபின் 8.4. ஏழாம் மாதத்தில் ரத்த அழுத்தமும் ஏறத் தொடங்கியது. எனக்குச் சிக்கலைக் கண்டுபிடித்தது ஸ்கேன் அல்ல, கிராம சுகாதார செவிலியர் வயிற்றை அளக்கும் நாடா. 31ஆம் வாரத்தில் அளந்தவர் ஒன்றும் சொல்லாமல் நாடாவை எடுத்துவிட்டு, என்னைத் திரும்பப் படுக்கச் சொல்லி மறுபடி அளந்தார். 27 சென்டிமீட்டர், வாரக் கணக்குக்கு நான்கு குறைவு. “இன்றைக்கே கீழே போய்விடு பாப்பா, நாளைக்கு என்று வைத்துக்கொள்ளாதே” என்றார். அட்டையில் எழுதிக் கையில் கொடுத்ததோடு, என் கணவருக்கும் அவரே போன் செய்துவிட்டார்.

சேலம் ஸ்கேனில் தலை ஓரளவு சரியாக இருந்தது, வயிறு மட்டும் நன்றாகப் பின்தங்கியிருந்தது. தொப்புள் கொடியில் ரத்த ஓட்டம் குறைந்திருந்தது. அன்றே சேர்த்துக்கொண்டார்கள். நுரையீரல் முதிர்வதற்கான ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள், இதயத் துடிப்பைத் தினமும் பதிவு செய்தார்கள். “உள்ளே இருப்பது நல்லதா, வெளியே எடுப்பது நல்லதா என்று ஒவ்வொரு நாளும் புதிதாக முடிவு செய்கிறோம் அம்மா” என்று ஒரு இளம் டாக்டர் சொன்னார். மறைக்காமல் சொன்னதே எனக்குத் தெம்பாக இருந்தது. 33ஆம் வாரத்தில் அறுவை சிகிச்சை. பையன் 1,380 கிராம்.

பச்சிளம் குழந்தைகள் பிரிவில் முதலில் குழாய் வழியாகத்தான் பால். பிறகு கங்காரு முறை. சட்டை இல்லாமல், தொப்பியும் துணியும் மட்டும் கட்டி, நெஞ்சோடு நெஞ்சாக நிமிர்த்தி வைத்து, மேலே துணியைச் சுற்றிவிடுவார்கள். நான் அசந்தபோது என் கணவர் வைத்துக்கொண்டார். மிளகுக் கொடி ஏறிப் பறிக்கிற முரட்டுக் கை. அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நாற்காலியின் இரண்டு பக்கமும் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நர்ஸ் அம்மா வந்து கையைப் பிடித்துக் குழந்தையின் முதுகில் வைத்துவிட்டுப் போனார்.

இப்போது மூன்று வயது. மெலிந்த உடம்புதான், ஆனால் வீட்டில் ஒரு பொருளை இருந்த இடத்தில் விடமாட்டான்.

எங்கள் பக்கத்தில் பலர், “இருபது கொண்டை ஊசி வளைவு பஸ்ஸில் ஏறி இறங்கினாய், அதனால்தான்” என்றார்கள். டாக்டரிடம் கேட்டேன். வளைவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, ரத்த அழுத்தமும் நஞ்சுக்கொடியும்தான் காரணம் என்றார். அடுத்த பிள்ளை என்றால் மூன்றாம் மாதமே வந்து சொல்ல வேண்டும், 16ஆம் வாரத்துக்கு முன்பே சிறிய அளவு ஆஸ்பிரின் தொடங்க வேண்டியிருக்கும் என்றும் சொல்லியிருக்கிறார். நாமாக வாங்கிச் சாப்பிடுகிற மாத்திரை அல்ல அது.

அம்மாபேட்டை தறிவீடு

எனக்குக் குழந்தை சிறிதே அல்ல, கணக்குத்தான் தப்பு. மாதவிடாய் எனக்கு நாற்பது, ஐம்பது நாளுக்கு ஒரு முறைதான் வரும். கடைசித் தேதியை வைத்து 34 வாரம் என்று போட்டுவிட்டார்கள். 12ஆம் வாரத்தில் எடுத்த முதல் ஸ்கேன் தாளைத் தேடி எடுத்துக் காட்டியதும், “இது 31 வாரக் குழந்தை, வயதுக்குச் சரியான எடை” என்று முடித்துவிட்டார்கள். அத்தனை நாள் தறிச் சத்தத்துக்கு நடுவிலும் தூங்குகிறவள், அந்த ஒரு வாரம் தூங்கவில்லை.

ஓமலூர் அப்பா

பெண்கள் பேசும் இடத்தில் நுழைவதற்கு மன்னிக்கவும். மனைவிக்கு 33 வாரம், நேற்றுத்தான் எட்டாவது சதமானம் என்று தாள் வந்தது. ரத்த ஓட்டம் சரி, நீர் சரி என்று எழுதியிருக்கிறது. மனைவி உயரம் 147 சென்டிமீட்டர், கர்ப்பத்துக்கு முன் 42 கிலோ. நானும் பூசினாற்போன்ற ஆள் இல்லை. மருந்துக் கடையில் புரதப் பொடி டப்பா இரண்டு கொடுத்துவிட்டார்கள், விலை கையைக் கடிக்கிறது. என் அம்மா கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்கிறார். அடுத்த வாரமே வேறு இடத்தில் இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா?

வாழப்பாடி ஓய்வு பெற்ற செவிலியர்

தம்பி, மன்னிப்பு எதற்கு? பிள்ளை உங்களுடையதும்தானே.

முதலில் நாகலூர்ப் பெண் சொன்ன நாடாவைப் பற்றி ஒரு வார்த்தை. எங்களுக்கு அப்படித்தான் கற்றுக்கொடுத்தார்கள். கருப்பையின் உச்சியைக் கையால் தடவிக் கண்டுபிடித்து, அங்கிருந்து அடிவயிற்றுக்குக் கீழே முன்பக்கம் தட்டுப்படும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பு வரை நாடாவை இழுக்க வேண்டும். எண்கள் உள்பக்கம் இருக்கும்படி நாடாவைக் கவிழ்த்துப் பிடிக்க வேண்டும். எத்தனை வாரம் என்று நமக்கு முன்பே தெரியும் அல்லவா? எண் கண்ணில் பட்டால் கை தானாக அந்த எண்ணுக்கு நகர்ந்துவிடும். இழுத்து முடித்த பிறகுதான் திருப்பிப் பார்க்க வேண்டும். 24ஆம் வாரத்துக்கு மேல் வாரமும் சென்டிமீட்டரும் ஏறக்குறைய ஒன்றாக ஓடும். மூன்று குறைந்தால் ஸ்கேனுக்கு அனுப்பிவிடுவேன். பருமனான உடம்பு, இரட்டைக் குழந்தை, குறுக்காகக் கிடக்கும் குழந்தை என்றால் நாடாவை நம்ப முடியாது. மற்றபடி அந்த நாடா எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கிறது.

இனி உங்கள் கேள்விகள். கட்டிலிலேயே கிடந்தால் பிள்ளை வளரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அசையாமல் கிடந்தால் காலில் ரத்தம் கட்டுகிற ஆபத்துதான் கூடும். வீட்டுக்குள் நடக்கட்டும், பாரம் தூக்க வேண்டாம், தூங்கும்போது ஒருக்களித்துப் படுக்கட்டும். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், பயத்தில் சொல்கிறார் பாவம்.

புரதப் பொடியை நான் வாங்கச் சொல்லமாட்டேன். புரதம் மிகுதியாக உள்ள இணை உணவைக் கர்ப்பிணிகளுக்குப் பரிந்துரைப்பதில்லை என்று உலக சுகாதார நிறுவனமே 2016 வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. மெலிந்த உடம்புக்குத் தேவை மொத்தச் சாப்பாடு. முட்டை, பருப்பு, நிலக்கடலை, கீரை, இரண்டு வேளைக்கு நடுவில் அங்கன்வாடி சத்துமாவில் ஒரு உருண்டை. இரும்புச் சத்து மாத்திரையைக் காப்பி, டீயோடு சேர்த்து விழுங்க வேண்டாம், சத்து உடம்பில் சரியாகச் சேராது. வீட்டில் யாராவது பீடி, சிகரெட் பிடித்தால் வாசலுக்கு வெளியே போகச் சொல்லுங்கள். அந்தப் புகை பிள்ளையின் எடையைக் குறைக்கக்கூடியது. டப்பா விற்கிறவர்கள் இதையெல்லாம் சொல்வதில்லை.

அடுத்த வாரமே ஸ்கேன் வேண்டாம். ஒரு வாரத்தில் பிள்ளை கூடுகிற எடை ஏறக்குறைய 200 கிராம். ஸ்கேன் கணக்கில் வருகிற பிசகே அதைவிடப் பெரிது. வேறு கை, வேறு இயந்திரம் என்றால் எண் இறங்கினாற்போலக்கூட வரலாம், வீணாகக் கலங்குவீர்கள். குறைந்தது இரண்டு வாரம் இடைவெளி வேண்டும். டாக்டர் ரத்த ஓட்டம் பார்க்க முன்னதாகக் கூப்பிட்டால் போக வேண்டும், அது வேறு கணக்கு.

அசைவுதான் உங்கள் வீட்டிலேயே இருக்கிற ஸ்கேன். சாப்பிட்ட பிறகு இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து எண்ணச் சொல்லுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் பத்து அசைவு வர வேண்டும். எண்ணிக்கையைவிட வழக்கம் முக்கியம். தினமும் ராத்திரி உதைக்கிற பிள்ளை ஒரு ராத்திரி அடங்கிக் கிடந்தால், விடியட்டும் என்று இருக்காதீர்கள். தலைவலி, கண் மங்கல், முகவீக்கம் வந்தாலும் அப்படியே. 108ஐக் கூப்பிடுங்கள். அங்கே போய் எல்லாம் சரி என்று திருப்பி அனுப்பினால் யாரும் உங்களைக் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். கோபித்தால் என்னிடம் சொல்லுங்கள்.

அம்மாபேட்டைப் பெண் சொன்ன முதல் ஸ்கேன் தாள் உங்களிடம் இருக்கிறதா?

ஓமலூர் அப்பா

இருக்கிறது அம்மா. பீரோவில் ரேஷன் கார்டுக்கு அடியில் கிடைத்தது. 12ஆம் வாரத் தாள், தேதிக் கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது. அப்படியானால் குழந்தை சின்ன அளவுதான் போலிருக்கிறது. அடுத்த ஸ்கேன் மூன்று வாரம் கழித்து அதே இடத்தில் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். டப்பாவில் ஒன்றைப் பிரிக்கவில்லை, அதைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்குப் போகிறேன். சிகரெட் விஷயம் என் அப்பாவிடம் சொல்ல வேண்டும். அதற்குத்தான் கொஞ்சம் தைரியம் வேண்டியிருக்கிறது.