நிக்கோடிமஸ்: 14 பேர் வாழும் ஊரில் ஐந்து கட்டடங்களுக்கு அரசுப் பணமா?

வறட்டுக்கணக்கு:
அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், கோதுமை வயல்களுக்கு நடுவே நிக்கோடிமஸ் என்றொரு ஊர். 2020 கணக்கெடுப்பில் 14 பேர். தபால் நிலையத்தை 1953லேயே மூடிவிட்டார்கள். ஆனாலும் 1996ல் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்து, ஊர் மன்றம், இரண்டு சர்ச், பழைய ஹோட்டல், பள்ளிக்கூடம் என ஐந்து கட்டடங்களைத் தாங்கிப் பிடிக்கிறார்கள். யாருக்காக? அளந்து வரைந்து, புகைப்படம் எடுத்து வைத்துவிட்டு விட்டுவிடலாமே.

புழுதிச்சாலை:
அண்ணா, அந்த ஊர் எப்படி உண்டானது என்பதையே விட்டுவிட்டீர்கள். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் 1877ல் கென்டக்கியிலிருந்து வந்து குடியேறிய ஊர். மறு ஆண்டு வந்து சேர்ந்த வில்லியானா ஹிக்மன் என்ற பெண் ஊர் எங்கே என்று தேடியிருக்கிறார். கணவர் கைகாட்டிய திசையில் தரையிலிருந்து புகை வந்ததாம், அவ்வளவுதான். சமவெளியில் மரம் ஏது? முன்னால் வந்தவர்கள் மண்ணைத் தோண்டிக் குழிக்குள் குடியிருந்தார்கள். அழுதுவிட்டேன் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அப்படி இருந்த இடத்தில் 1880 வாக்கில் ஹோட்டல் எழும்பியது, 1885ல் கல்லால் ஆன சர்ச். இதைப் போட்டோவில் பார்த்தால் போதுமா?

வறட்டுக்கணக்கு:
கதை உருக்கம்தான் தம்பி, மறுக்கவில்லை. ஆனால் 1888ல் ரயில் பாதை சாலமன் ஆற்றின் மறுகரையோடு போய்விட்டது. வியாபாரிகள் அந்தக் கரையில் 'போக்' (Bogue) என்ற புது ஊருக்குக் கடையை மாற்றிக்கொண்டார்கள். பாப்டிஸ்ட் சபையினர்கூட 1975ல் புது ஆலயம் கட்டி, 1907ல் எழுப்பிய பழையதை விட்டுவிட்டார்கள். சொந்தக்காரர்களே வேண்டாம் என்று விட்டதை வாஷிங்டன் ஏன் சுமக்க வேண்டும்?

சுண்ணாம்புக்கல்:
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும், கட்டட வேலை பார்ப்பவன். புதுசு கட்டினார்களே தவிர பழையதை இடிக்கவில்லை, கவனியுங்கள். அப்புறம் அந்தச் சுவர்கள். உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல், அதன்மேல் பின்னாளில் பூச்சு பூசியிருக்கிறார்கள். இந்த மாதிரிக் கல் ஈரத்தை உறிஞ்சி வெளியே விட வேண்டும். மேலே சிமென்ட் பூச்சு வந்தால் ஈரம் உள்ளேயே தங்கி, குளிரில் உறைந்து விரிந்து, கல்லின் முகமே உரிந்து விழும். நம் பக்கத்துப் பழைய வீடுகளிலும் சிமென்ட் பூசிக் கெடுத்ததை எத்தனை பார்த்துவிட்டேன்! பூச்சைச் சுரண்டிச் சுண்ணாம்புக் காரை வைப்பது தேர்ந்த கைவேலை. 14 பேர் சந்தா போட்டுச் செய்கிற காரியமா? வரிச்சலுகை கிடைக்குமே என்பீர்கள். பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கும் செலவுக்குத் தரும் அந்த 20 சதவீத வரிச்சலுகை வருமானம் ஈட்டும் கட்டடத்துக்குத்தான். சர்ச்சுக்குக் கிடைக்காது.

வறட்டுக்கணக்கு:
நான் சொல்வதைத்தான் நீங்களும் சொல்கிறீர்கள். செலவுக்கு முடிவே இல்லை.

புழுதிச்சாலை:
14 என்ற கணக்கே தப்பு என்கிறேன். ஒவ்வொரு ஜூலைக் கடைசியிலும் அடிமைத்தளை நீங்கியதைக் கொண்டாடும் விடுதலை விழாவுக்கு நாடெங்கும் இருந்து வாரிசுகள் அங்கே திரும்பி வருகிறார்கள். அந்த ஊர் மன்றமே 1939ல், பொருளாதார மந்தக் காலத்து அரசு வேலைத் திட்டத்தில் கட்டியது. அன்று கட்ட அரசுப் பணம் சரி, இன்று பராமரிக்க மட்டும் தண்டமா?

வறட்டுக்கணக்கு:
வருஷத்தில் ஒரு வாரக்கடைசிக்கு ஒரு மன்றம் போதும். சரி, பட்ஜெட் பாதியானால் ஐந்தில் எதை விடுவீர்கள்? என் ஓட்டு பள்ளிக்கூடம். வெறும் மரக்கட்டடம், அதுவும் 1918ல் வந்தது, பழைய பள்ளி எரிந்தபின் கட்டியது.

புழுதிச்சாலை:
போயும் போயும் அதையா! ஊர் இருக்கிற கிரஹாம் கவுண்டியின் முதல் பள்ளி மாவட்டம், அதாவது பள்ளி நடத்தும் உள்ளூர் நிர்வாக வட்டாரம், நிக்கோடிமஸ்தான், ஒன்றாம் எண். படிக்கவே கூடாது என்று வைக்கப்பட்டிருந்தவர்கள் வந்த வேகத்தில் தொடங்கியது அது. என்னைக் கேட்டால் ஹோட்டலை விட்டுப் பள்ளியை வைப்பேன்.

சுண்ணாம்புக்கல்:
செலவிலும் அதுதான் லேசு. மரத்தில் கெட்ட பலகையை மட்டும் கழற்றி மாற்றலாம், பெயின்ட் ஒழுங்காக அடித்தால் பல வருஷம் நிற்கும். பணம் தின்னப்போவது கல் கட்டடங்கள். வெட்டுவதாக இருந்தால் அங்கே கை வையுங்கள், பார்ப்போம்.