நார்த்தாமலைக் கல்வெட்டில் 'மழை இடித்தழிய': இடியா, மழையா?

வெண்ணாறு:
புதுக்கோட்டைப் பக்கம் நார்த்தாமலையில் உள்ள மேலமலைக் குன்று, அதன்மேல் விசயாலய சோழீச்சரம் என்ற சிவன் கோயில். வட்டக் கருவறை, சுற்றி நிற்கும் சின்னக் கோயில்கள், இதெல்லாம் தெரிந்தவர்களுக்குத்தான் கேள்வி. வாசல் துவாரபாலகர் காலடியில் உள்ள எழுத்து: சாத்தன் பூதியான இளங்கோவதி அரையர் எடுத்த கற்றளி (கல்லால் கட்டிய கோயில்) 'மழை இடித்தழிய', மல்லன் விடுமன் புதுக்கினார். கற்றளியை மழை எப்படி இடிக்கும்? செங்கல் தளி என்றால் கேட்கவே மாட்டேன்.

குடமுருட்டி:
முதலில் பெயர்ப் பலகையை நம்பாதீர்கள். பேர்தான் சோழ அரசன் விசயாலயனுடையது. கட்டியவர் முத்தரையர் என்ற குறுநில மன்னர் குலத்தவர். தஞ்சாவூரை யாரிடமிருந்து விசயாலயன் பிடித்தானோ, அவர்கள் வகையறா!

எழுத்தைப் படிப்பதுதான் சிரமம். கோயில் மேற்குப் பார்த்தது. நாலு மணி வெயில் முகத்தில் நேராக அடித்து எழுத்தின் பள்ளத்தை அழித்துவிடும், உச்சிவேளையில் கபோதத்தின், அதாவது கூரை விளிம்பின், நிழல் விழும். காலை எட்டு மணிக்கு முகப்பு முழுக்க நிழல். அப்போது டார்ச்சைச் சுவரோடு ஒட்டி, பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் வெட்டு எழும்பி வரும். இடமிருந்து ஒன்று, வலமிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்று என மூன்று படம் எடுங்கள். ஒரே படத்தை வைத்துப் படித்தால் பொரிந்த கல்லும் எழுத்துபோலவே தெரியும். அந்தக் கால எழுத்தில் மெய்க்குப் புள்ளி இருக்காது, எகர ஏகார வேறுபாடும் இருக்காது. சுண்ணாம்பு, மாவு தடவவே கூடாது, வெட்டில் போய் அடைத்துக்கொள்ளும்.

அரசலாறு:
கேட்டதற்குப் பதிலே வரவில்லையே. என் கணக்கு இடிதான். மொட்டைப் பாறைச் சரிவில் சுற்று வட்டாரத்துக்கே உயர்ந்து நிற்பது கருவறை மேலுள்ள அந்த விமான உச்சி. மழை மட்டும் என்றால் மெதுவாகத்தான் நடக்கும்: கல்லைச் சாந்தில்லாமல் அடுக்கியிருப்பார்கள், இடுக்கில் பறவை எச்சத்தோடு அரச விதை விழும், வேர் பருத்துக் கல்லைத் தள்ளும். அதை 'இடித்தழிய' என்று எழுதுவார்களா?

வெண்ணாறு:
எழுதலாம். 'மழை இடித்து' என்பதில் எழுவாய் மழை, இடி இல்லை. சரிவில் ஓடும் தண்ணீர் அடித்தளத்துக்கு அடியில் போனால்?

அரசலாறு:
அடியில் மண்ணே இல்லை, தாய்ப்பாறை. எதை அரிக்கும்?

வெட்டாறு:
சண்டையை வைத்துக்கொள்ளுங்கள், போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் டெல்டா பக்கத்து ஆட்களுக்கு ஆற்றங்கரையே மேடு, சரிவு பழக்கம் கிடையாது. தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டை, அங்கிருந்து திருச்சி பஸ்ஸில் நார்த்தாமலை பிரிவு. ஏறும்போதே நிற்குமா என்று கண்டக்டரிடம் கேளுங்கள். உள்ளே ஊருக்கு நடை இருக்கிறது. தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். சுனைத் தண்ணீர் பார்க்க மட்டும்.

ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். மழை நின்ற பிறகும் தண்ணீர் வழிந்த கருந்தாரைகளில் பாசி இருக்கும். பார்த்தால் காய்ந்த மாதிரி இருக்கும், செருப்பு வழுக்கும். வெளுத்த, சொரசொரப்பான இடத்தில் மட்டும் கால் வையுங்கள். இறங்கும்போது உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி இறங்கினால் முழங்கால் பிழைக்கும். சித்திரையில் மதியத்துக்கு மேல் கோடை இடி வரும். காதில் விழுந்த உடனே இறங்க வேண்டும், தனி மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. அந்தப் பாறையில் கோயிலுக்கு அடுத்து உயரமான பொருள் நீங்கள்தான். மார்கழி, தை நல்லது.

குடமுருட்டி:
காலையில் போனால் இன்னொரு லாபம். எதிரே பாறையைக் குடைந்து செய்த இரண்டு குடைவரைக் கோயிலும் கிழக்குப் பார்த்தவை. அதில் ஒன்றான சமணர் குடகில் ஒரே சாயலில் பன்னிரண்டு திருமால், வெயில் உள்ளே நுழையும் நேரம் அதுதான். பேரில் சமணர் இருப்பதால் சமண முனிவர்களின் கற்படுக்கை தேடாதீர்கள், அது சித்தன்னவாசல் குன்றின் ஏழடிப்பட்டம் குகையில்.

வெண்ணாறு:
சரி. அடுத்த முறை டார்ச்சோடு போய் 'இடித்தழிய' என்ற இடத்தை மட்டும் மூன்று படமாக எடுத்துப் போடுகிறேன். 'டி'யா வேறு எழுத்தா என்று முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.